கை செய்த பிழையா? காசு செய்த பிழையா?

ஆலை வெடிக்கிறது, ஆட்கள் மடிகிறார்கள். மறுநாள் ஏட்டைப் புரட்டினால் அங்கே ஒரு வாசகம் காத்திருக்கும்: மனிதத் தவறே காரணம் எனத் தெரிகிறது!

மனிதத் தவறு! எவ்வளவு அழகான சொல், தோழர்களே! எந்த மனிதனின் தவறு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், கலத்துக்குக் கீழே நின்றவனைக் காட்டுவார்கள். கைப்பிடியைத் திருப்பியவனைக் காட்டுவார்கள். இரவு முறையில் கண் எரிய எரிய விழித்து நின்றவனைக் காட்டுவார்கள். மலிவான வால்வை வாங்கக் கையொப்பமிட்டவர், எச்சரிக்கை அறிக்கையை இழுப்பறையில் வைத்துப் பூட்டியவர், ஆளைக் குறைத்து இலாபக் கணக்கை அழகுபடுத்தியவர், இவர்களெல்லாம் மனிதர்கள் இல்லையா? இல்லை! அவர்கள் நிர்வாகம். நிர்வாகம் தவறு செய்யாது. மனிதன்தான் தவறு செய்வான். அதாவது, தொழிலாளிதான் தவறு செய்வான்!

2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் டில்லி ஆட்சியாளர் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். தொழிலாளியின் உயிர்க்காப்பைப் பற்றிய தொகுப்பும் அந்த நான்கில் ஒன்று. அதைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் சட்டத்தின் பிரிவுகளை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தால் ஆலைத் தோழனுக்கு அது ஆகாயத்துப் பேச்சாகத் தோன்றும். ஆகவே இன்று நாம் ஒரு சின்னஞ்சிறு பொருளை எடுத்துக்கொள்கிறோம். உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கக்கூடியவையும் அதில் உண்டு. இரசாயன ஆலையிலும் மருந்து ஆலையிலும், கலத்தின் அடியில் இருக்கும் வால்வுதான் அது.

அந்த ஆலைகளில் உழைக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். ரியாக்டர் என்பது பெரியதொரு சமையற்பாத்திரம். மேல்வாய் வழியே மூலப்பொருள் போகும். உள்ளே துடுப்பு சுழலும். சுற்றியுள்ள உறையில் நீராவியோ குளிர்நீரோ ஓடும். சமைந்து முடிந்தது அடிவாய் வழியே இறங்கும். அந்த அடிவாயைக் காத்து நிற்பது அடிவால்வு. நம் ஊர் ஏரிக்கு மதகு எப்படியோ, அப்படி! மதகு சரியாக இருந்தால் ஊர் செழிக்கும். நேரங்கெட்ட நேரத்தில் திறந்தால் ஊரே மூழ்கும்.

மருந்து செய்யும் கலங்களில் பல கண்ணாடிக் கலங்கள். ஏன் கண்ணாடி? ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்பைத் தின்னும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் சூட்டிக்கொண்டதையும் தின்னும். நோயாளி விழுங்கும் மாத்திரையில் உலோகத் துகள் சேரக் கூடாது. கண்ணாடியை அமிலம் எளிதில் தொடாது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் சூடான காரமும் போன்ற சிலவே அதை அரிக்கும். ஆகவே சிறு கலம் என்றால் முழுவதும் போரோசிலிகேட் கண்ணாடி. பெருங்கலம் என்றால் வெளியே எஃகு, உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடிப் பூச்சு. அந்த மெல்லிய பூச்சை நம்பித்தான் ஆயிரக்கணக்கான லிட்டர் அமிலம் கொதிக்கிறது. அதன் பக்கத்தில்தான் நம் தோழன் நிற்கிறான்.

இந்தப் பூச்சுக் கலத்துக்கு ஒரு கதை உண்டு. 1884இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஃபவுட்லர் என்பவர் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கிற்று. முதலில் அது நாடியது மருந்தையன்று, பீரை! பீர் புளிக்கும் தொட்டிக்குக் கண்ணாடிப் பூச்சுப் பூசினார்கள். பின்னர் அதுவே இரசாயன ஆலைக்கு வந்தது. அந்த ஃபவுட்லர் உலக நிறுவனத்தின் பெரும்பங்கை, குஜராத்தின் கரம்சாத்தில் ஆலை வைத்திருக்கும் ஜி.எம்.எம். ஃபவுட்லர் என்ற இந்திய நிறுவனம் 2021இல் வாங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறோம்? நல்ல கலமும் நல்ல வால்வும் அயல்நாட்டிலிருந்து வர வேண்டும், அந்நியச் செலாவணி இல்லை, காத்திருங்கள் என்று இனி எந்த முதலாளியும் சாக்குச் சொல்ல முடியாது. உலகுக்கே கலம் செய்து தருபவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள்!

சரி, நல்ல வால்வு, கெட்ட வால்வு என்று என்ன வேறுபாடு? இங்கேதான் தோழர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

மலிவாக முடிக்க நினைப்பவர் என்ன செய்கிறார்? கலத்தின் அடியில் ஒரு குழாய்க் கழுத்து; அந்தக் கழுத்தின் முனையில் ஒரு சாதாரண வால்வு. வேலை முடிந்தது என்கிறார். முடியவில்லை! கலத்துக்கும் வால்வுக்கும் நடுவே அந்தக் கழுத்தில் ஒரு செத்த இடம் உண்டாகிவிட்டது. துடுப்பு அங்கே எட்டாது. உறையின் சூடும் அங்கே போகாது. ஊற்றிய மூலப்பொருளில் ஒரு பங்கு அங்கே போய் வினைபுரியாமல் முடங்கிக் கிடக்கும். படிகமாகும் சரக்கு என்றால் அங்கேயே இறுகிக் கல்லாகும். அடுத்த முறை வேறு மருந்து செய்யும்போது, பழைய மருந்தின் மிச்சம் அதில் கலக்கும்.

நல்ல வால்வு எப்படி இருக்கும்? அதன் அடைப்புமுனை கழுத்துக்குள் ஏறி வந்து, கலத்தின் உட்புற அடித்தளத்தோடு ஒட்டி மூடும். பள்ளம் இல்லை, பதுங்கிடம் இல்லை. ஊற்றியதெல்லாம் துடுப்பின் கைக்குள் இருக்கும். திறந்தால் முழுவதும் வடியும். தண்டைச் சுற்றித் துருத்தி போன்ற மடிப்புறை இருக்கும். கசிவு வெளியே வராது. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை நின்ற இடத்திலிருந்தே காட்டும் குறியும் இருக்கும். விலை? கூடுதல்தான். அதனால்தான் இந்தக் கதையே!

கழுத்தில் சரக்கு இறுகிவிட்டது என்று வையுங்கள். மேற்பார்வையாளர் மேலே நின்று கூவுகிறார்: வடியவில்லையே, ஏன் தாமதம்? தோழன் என்ன செய்வான்? கீழிருந்து கம்பியை விட்டுக் குத்துவான். கம்பி பூச்சில் பட்டால் நகக்கண் அளவு சில்லு பெயரும். கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனால் அமிலத்துக்குத் தெரியும்! அந்தச் சில்லின் வழியே எஃகைத் தேடிப் போகும். நாளடைவில் கலத்தையே துளைக்கும். கம்பி வேண்டாம் என்று வெந்நீரை ஊற்றினால்? குளிர்ந்த கண்ணாடியில் திடீர்ச் சூடு, விரிசல். காற்றழுத்தம் கொடுத்துத் தள்ளினால்? அடைப்பு பட்டென்று விடும்போது உள்ளே இருப்பதெல்லாம் கீழே நிற்பவனின் முகத்தில். மூன்று வழி, மூன்றும் ஆபத்து. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று தொழிலாளியிடம் விட்டுவிட்டு, எது நடந்தாலும் அவன் தேர்ந்தெடுத்தது தவறு என்று எழுதுவதற்குப் பேனா தயாராக இருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. இந்த வால்வுகளின் அடைப்பு டெஃப்லான் என்ற பொருளால் ஆனது. 1938இல் அமெரிக்காவில் டியூபான்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் ராய் பிளங்கட் தற்செயலாகக் கண்டுபிடித்தது. அமிலத்துக்கு அஞ்சாத பொருள். கண்ணாடிக்கு ஏற்ற துணை என்றுதான் தோன்றும். ஆனால் இந்த இணை பொருத்தமில்லாத திருமணம்! போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் மிக மிகக் கொஞ்சமே விரியும். டெஃப்லானோ அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல் விரியும். அழுத்தம் கொடுத்தால் மெல்ல மெல்லப் பிதுங்கியும் போகும். சூடாக இருக்கும்போது இறுக்கமாகப் பிடித்த அடைப்பு, கலம் குளிர்ந்ததும் தளர்ந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். தோழன் பார்க்கிறான், கசிகிறதே என்று ஸ்பேனரை எடுத்து இன்னும் ஒரு திருகு இறுக்குகிறான். மறுபடி சூடாகிறது. டெஃப்லான் விரிகிறது, போக இடமில்லை, கண்ணாடியை நெரிக்கிறது. ஒரு நாள் கழுத்து விரிசல் விடுகிறது.

என்ன எழுதுவார்கள்? அளவுக்கு மீறி முரட்டுத்தனமாக இறுக்கினான்! சுருள்வில் வைத்த பிடிப்பு இருந்திருந்தால் விரிவையும் சுருக்கத்தையும் அந்த வில்லே தாங்கியிருக்கும். எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்று காட்டும் ஸ்பேனரைக் கொடுத்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும். தேய்ந்த அடைப்பைக் காலத்தில் மாற்றியிருந்தால் இறுக்க வேண்டிய தேவையே வந்திராது. இந்த மூன்றும் கையின் வேலையா, காசின் வேலையா? நீங்களே சொல்லுங்கள்.

கண்ணாடியும் டெஃப்லானும் மின்சாரத்தைக் கடத்தாதவை. டொலுயீன் போன்ற கரைப்பான் வேகமாக வடியும்போது உராய்வினால் மின்னேற்றம் சேர்கிறது. அது தரைக்குப் போக வழி இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். வழி செய்து தருவது யார் கடமை என்று நாம் கேட்க வேண்டியதும் இல்லை.

இதெல்லாம் கற்பனைக் கவலை என்று சொல்லும் கனவான்கள் உண்டு. அவர்களுக்காக அமெரிக்கா வரை போய் வருவோம். அங்கே நாம் காட்டப்போகும் கலங்கள் கண்ணாடிக் கலங்கள் அல்ல. பிளாஸ்டிக் செய்யும் ஆலைகளின் கலங்கள். ஆனால் அடிவாய் அதே அடிவாய்தான், கீழே நிற்பவன் அதே பாட்டாளிதான்.

டெக்சாஸ் மாநிலம் பாசடீனா. ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் பாலிஎத்திலீன் ஆலை. 1989ஆம் ஆண்டு அக்டோபர் 23. கலத்தின் அடிக்காலில் சரக்கு இறுகி அடைத்துக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் கீழே கழற்றித் துப்புரவு செய்கிறார்கள். அவர்களுக்கும் மேலே கொதிக்கும் கலத்துக்கும் நடுவே ஒரே ஒரு வால்வு. அந்த வால்வு காற்றழுத்தத்தால் இயங்குவது. திறக்க ஒரு காற்றுக்குழாய், மூட ஒரு காற்றுக்குழாய். இரண்டின் இணைப்பு முனையும் ஒன்றுபோல! மாற்றி மாட்டப்பட்டுக் கிடந்தது. மூடு என்று விசை சொன்னபோது வால்வு திறந்தது. 23 உயிர்கள் போயின. இரண்டு முனைகளையும் வெவ்வேறு அளவில் செய்திருந்தால், மாற்றி மாட்ட நினைத்தாலும் மாட்ட முடியாது. எத்தனை காசு ஆகும் அதற்கு?

இப்போது இல்லியோபொலிஸ் கதைக்கு வருகிறோம். இதைத்தான் ஒவ்வொரு தொழிற்சங்கத் தோழரும் வரி வரியாக அறிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் அது. அங்கே பி.வி.சி. செய்யும் ஆலை. போர்டன் என்ற நிறுவனத்திடமிருந்து ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் 2002இல் வாங்கியது. ஒரே கட்டடத்தில் 24 கலங்கள். நான்கு நான்காகத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் மற்றதன் அச்சு! மேல்தளத்தில் கலங்களை இயக்கும் பலகைகள், கீழ்த்தளத்தில் அடிவால்வுகள்.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 23. இரவு பத்தரை மணி அளவு. 306ஆம் எண் கலத்தைக் கழுவும் வேலை ஒரு தொழிலாளியுடையது. மேல்தளத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவி முடித்தான். கழுவிய நீரை வடிக்க வேண்டும். அதற்குக் கீழ்த்தளம் இறங்கி அடிவால்வைத் திறக்க வேண்டும். படி இறங்கினான். படியின் அடியில் ஒரு பக்கம் திரும்பினால் 306. மறுபக்கம் திரும்பினால் அதே அமைப்பில், அதே இடத்தில் 310. அவன் பெரும்பாலும் மறுபக்கம் திரும்பியிருக்கிறான் என்பது பின்னர் ஆராய்ந்தவர்களின் முடிவு. 310இல் வினைல் குளோரைடு அழுத்தத்தோடு சமைந்துகொண்டிருந்தது!

வால்வைத் திறக்க முயன்றான். திறக்கவில்லை. ஏன்? உள்ளே அழுத்தம் இருந்தால் அடிவால்வு திறக்காதபடி ஒரு தடைப்பூட்டு இருந்தது. நல்ல ஏற்பாடு. அந்த நொடியில் அது தன் கடமையைச் செய்தது. ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்? தான் நிற்பது கழுவிய கலத்தின் கீழே என்று நினைக்கிறான். நீர் நிற்கும் கலத்தில் வால்வு ஏன் திறக்காது? பழுது போலும் என்று எண்ணுகிறான். உள்ளே அழுத்தம் இருக்கிறதா, கலம் ஓடுகிறதா, கழுவப்படுகிறதா என்று காட்ட அந்தக் கீழ்த்தளத்தில் அளவுமானி இல்லை, விளக்கு இல்லை, குறி இல்லை. மேல்தளத்தில் இருப்பவரைக் கேட்கப் பேச்சுக் கருவியும் இல்லை. கேட்டுத் தெளிய வேண்டுமானால் மறுபடி படியேற வேண்டும்.

நம் ஊர் ஏரியின் நீர்கட்டியை நினைத்துப் பாருங்கள். கரைமேல் நின்று நீர்மட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மதகுப் பலகையில் கை வைப்பான். ஏட்டுக் கல்வி இல்லாத அந்த உழவனுக்குக் கிடைத்த வசதி, வல்லரசு நாட்டின் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை!

பிறகு என்ன நடந்தது? அந்தத் தடைப்பூட்டைத் தாண்டவும் ஒரு வழி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. நெருக்கடி வேளையில் ஒரு கலத்துச் சரக்கை இன்னொரு கலத்துக்கு மாற்ற வேண்டி வந்தால் உதவட்டும் என்று போர்டன் காலத்தில் வைத்த காற்றுக்குழாய். அதை வால்வில் மாட்டினால் பூட்டை மீறித் திறந்துவிடும். மேற்பார்வையாளரின் அனுமதி இல்லாமல் மாட்டக் கூடாது என்று விதி இருந்தது. எங்கே? தாளில்! குழாயில் பூட்டு இல்லை, சாவி இல்லை. குழாய் மாட்டப்பட்டது. வால்வு திறந்தது. வினைல் குளோரைடு பொங்கிக் கட்டடத்தை நிறைத்தது.

எச்சரிக்கை மணி அடித்தது. ஓடியிருக்கலாம். மேற்பார்வையாளரும் தொழிலாளர்களும் ஓடவில்லை. கசிவைக் கட்டுப்படுத்த முயன்றார்கள். வெடித்தது. ஐந்து பேர் மாண்டார்கள். மூவர் படுகாயமுற்றார்கள். சுற்றுப்புறத்தில் ஏறத்தாழ 150 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆலையை மறுபடி கட்டவே இல்லை.

தவறான கலம், தவறான வால்வு, அனுமதியற்ற குழாய். தெளிவான மனிதத் தவறு அல்லவா? கோப்பை மூடிவிடலாம் அல்லவா?

மூடவில்லை. அமெரிக்காவில் இரசாயன விபத்துகளை ஆராய்வதற்கென்று தனி வாரியம் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1998இல் பணி தொடங்கியது. தண்டம் போடும் உரிமை அதற்குக் கிடையாது. ஏன் நடந்தது என்று கேட்டு எழுதுவது மட்டுமே அதன் வேலை. அந்த வாரியம் இல்லியோபொலிஸ் அறிக்கையை 2007இல் வெளியிட்டது. அது கையோடு நிற்கவில்லை. கைக்குப் பின்னால் போய்க் கேட்டது.

என்ன கண்டது? இப்படி ஒரு வால்வு தவறாகத் திறக்கப்பட்டால் பெருங்கேடு விளையும் என்று போர்டன் காலத்திலேயே, 1992இல், ஆலையின் சொந்த ஆய்வு கண்டிருக்கிறது! மாற்றம் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதுமட்டுமா? 2003இல் இதே ஃபார்மோசாவின் பேட்டன் ரூஜ் ஆலையில் ஒரு தொழிலாளி தவறான கலத்தின் அடிவால்வைத் திறந்து வினைல் குளோரைடு வெளியேறியது. 2004 பிப்ரவரியில், வெடிப்புக்கு இரண்டே மாதம் முன்னால், இல்லியோபொலிஸ் ஆலையிலேயே தடைப்பூட்டு மீறப்பட்ட நிகழ்ச்சி நடந்தது. மணி மூன்று முறை அடித்தும் கேளாத காது யாருடையது? தளத்திலேயே நின்று வழிகாட்டும் குழுத்தலைவர் பணியிடத்தைப் புதிய நிர்வாகம் எடுத்துவிட்டிருந்தது. அனுமதி கேட்க வேண்டிய மேற்பார்வையாளர் எப்போதும் பக்கத்தில் இருப்பவர் அல்லர். மனிதன் பிழை செய்யக்கூடியவன் என்பதைப் போர்டனும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை, ஃபார்மோசாவும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே வாரியத்தின் தீர்ப்பு.

இதைத்தான் நாம் சொல்கிறோம். மனிதன் களைப்பான். இருட்டில் இடம் மாறி நிற்பான். இரவு முறையில் இடதை வலதென்று எண்ணுவான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவன் மனம் வீட்டில் இருக்கும். இது குற்றமன்று, இயல்பு. இந்த இயல்பை அறிந்து கருவியைச் செய்பவன்தான் பொறியாளன். கலத்துக்குக் கலம் வேறு நிறம் பூச எவ்வளவு ஆகும்? கீழ்த்தளத்தில் ஓர் அளவுமானி வைக்க எவ்வளவு ஆகும்? காற்றுக்குழாயைப் பெட்டியில் வைத்துப் பூட்ட ஒரு பூட்டு என்ன விலை? ஐந்து உயிர்களின் எதிரே அந்தப் பட்டியலை வைத்துப் பாருங்கள்.

அந்த வாரியத்துக்கு என்ன நேர்ந்தது என்றும் சொல்லியாக வேண்டும். ஏன் என்று கேட்பவனை எந்தச் செல்வச் சீமான் விரும்புவான்? 2025இல் டிரம்ப் ஆட்சி தந்த வரவுசெலவுத் திட்டத்தில், அந்த வாரியத்துக்குப் பணம் தராமல் மூடிவிட வேண்டும் என்ற முன்மொழிவு இடம்பெற்றது! ஆலைகளுக்குத் தண்டம்கூடப் போடாத ஓர் அமைப்பு. கேள்வி கேட்டதே அதன் குற்றம்.

நம் நாட்டு நிலை என்ன? அங்கே மூடப் பார்ப்பதற்காவது ஒரு வாரியம் இருக்கிறது. இங்கே விபத்துக்கு விபத்து ஒரு குழு. குழு கூடும், கலையும். அறிக்கை ஆட்சியாளரின் மேசைக்குப் போகும். அதைத் தொழிலாளி படித்ததுண்டா?

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் ஆந்திரத்து அச்சுதாபுரத்தில் எசியென்ஷியா மருந்து ஆலையில் கரைப்பான் கசிந்து, ஆவியாகி, வெடித்து 17 பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 30இல் தெலங்கானாவின் பாசமைலாரத்தில் சிகாச்சி ஆலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவை அடிவால்வால் நேர்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் எந்தக் கருவி, எந்த இணைப்பு, எந்தக் காசு மிச்சம் காரணம் என்று இல்லியோபொலிஸ் அறிக்கை போல ஓர் அறிக்கை ஊரறிய வெளிவந்தால்தானே, அடுத்த ஆலையில் நிற்பவன் பிழைப்பான்? கடலூரிலும் இராணிப்பேட்டையிலும் ஆலத்தூரிலும் இதே தொழில் செய்யும் நம் தோழர்களுக்கு அந்தப் பாடத்தைக் கொண்டுவந்து தருபவர் யார்?

போபாலை மறந்துவிட்டோமா? 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு, யூனியன் கார்பைடு என்ன சொல்லிற்று? மனக்கசப்புக் கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீரைச் செலுத்தினான் என்றது! குளிர்விப்பான் நிறுத்தப்பட்டிருந்தது, எரிகோபுரம் இயங்கும் நிலையில் இல்லை, இவற்றையெல்லாம் தாண்டி அவர்களின் விரல் நேராகத் தொழிலாளியை நோக்கிற்று.

அந்தப் பிணக்குவியலின் மேல்தான் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் புதிய அத்தியாயம் எழுதப்பட்டது. அபாயத் தொழில் நடக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு இருந்தே ஆக வேண்டும் என்றது அது. இப்போதைய தொகுப்பு என்ன சொல்கிறது? அரசு ஆணையிட்டால் குழு அமையலாம் என்கிறது. 'வேண்டும்' போயிற்று, 'லாம்' வந்தது! மின்விசை கொண்டு பத்துப் பேர் வேலை பார்த்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம்; இருபது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்கிறது புதிய தொகுப்பு. இரண்டு கண்ணாடிக் கலங்களும் பதினைந்து ஆட்களுமாக மருந்துச் சரக்குச் செய்யும் சிற்றாலை, இனி அந்தப் பெயருக்குள் வராது. அபாயத் தொழில் என்று டில்லி அறிவிப்பவற்றுக்கு ஆள் எண்ணிக்கை பாராத விதிவிலக்கு உண்டு என்பார்கள். அறிவிக்கும் பேனா டில்லியில். அமிலம் சொட்டுவது நம் ஊரில்! ஆய்வாளரும் இனி வெறும் ஆய்வாளர் அல்லர். முதலாளிக்கு உதவி செய்யும் வசதியாளரும் அவரே என்று இரட்டைப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒரே மனிதர் காலையில் காவலர், மாலையில் விருந்தினர்.

இருப்பினும், தன் உடல்நலம், பாதுகாப்புப் பற்றிய செய்தியை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையை அந்தத் தொகுப்பே தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று தோன்றினால் எச்சரிக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. தாளில் இருப்பதைத் தளத்துக்கு இறக்க வேண்டியது நம் வேலை.

ஆகவே இரசாயன, மருந்து ஆலைத் தோழர்களே, அடுத்த வாயிற்கூட்டத்தில் கொள்கை விளக்கத்தோடு வால்வு விளக்கமும் நடக்கட்டும். கீழ்த்தளத்தில், வால்வுக்கு நேரே, கண்ணுக்குத் தெரியும்படி கலத்தின் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே நின்றபடி உள்ளழுத்தத்தைப் பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். தடைப்பூட்டை மீறும் வழி இருந்தால் அதன் சாவி யாரிடம் என்று கேளுங்கள். டெஃப்லான் அடைப்பை எப்போது மாற்றினார்கள், கண்ணாடிப் பூச்சை மின்பொறி விட்டு எப்போது சோதித்தார்கள், அடுத்து எப்போது என்று கேளுங்கள். அடைப்பு விழுந்தால் கம்பியால் குத்தச் சொல்லும் மேற்பார்வையாளர் அதை எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், தேதியோடு வாங்குங்கள். தர மறுத்தால், மறுத்த தேதியையும் மறுத்தவர் பதவியையும் குறித்துச் சங்க அலுவலகத்தில் ஒரு படி வையுங்கள்.